புகார் நீங்கிய நாள்: பஞ்சாங்கக் கணிப்பும் சிலப்பதிகாரக் காலமும்

1. முன்னுரை

காவிரி பாயும் சோழநாட்டில் ஆடித்திங்கள் பதினெட்டாம் நாள் ஆற்றங்கரைதோறும் புதுப்புனல் விழாக் கொண்டாடப் பெறுகின்றது. ஐப்பசியில் சதய நாண்மீன் கூடிய நாளில் தஞ்சையில் முதலாம் இராசராசனுக்கு விழா எடுக்கின்றனர். மார்கழி வளர்பிறைப் பதினொன்றாம் பக்கத்தில் திருவரங்கத்துப் பரமபத வாயில் திறக்கப் பெறுகின்றது. பன்னீராண்டு அளவில் ஒருமுறை, வியாழன் சிங்க ஓரையில் நிற்க, மாசித்திங்கள் முழுமதி மகநாண்மீனைக் கூடுங்கால் கும்பகோணத்து மகாமகக் குளத்தில் மக்கள் நீராடுகின்றனர்; அண்மையில் அந்நாள் 2016 பிப்ரவரி 22 அன்று வந்தது.

இந்நான்கினையும் 'நாள்' என்னும் ஒரு சொல்லால் சுட்டுகின்றோம். எனினும் இவை நான்கும் நான்கு வேறு அளவைகளால் அறுதியிடப் பெற்றவை. ஆடிப்பதினெட்டு ஞாயிற்றின் செலவைக்கொண்டு எண்ணிய நாள். சதயம் திங்கள் நிற்கும் மீனைக்கொண்டு கொண்ட நாள். பதினொன்றாம் பக்கம் ஞாயிற்றுக்கும் திங்களுக்கும் இடையே உள்ள தொலைவைக்கொண்டு கொண்ட நாள். மகாமகமோ இம்மூன்றனோடு ஒரு கோளின் நிலையையும் வேண்டி நிற்பது.

இவ்வேறுபாடு சமயச் சடங்குக்கு மட்டும் உரியதன்று. இலக்கிய வரலாற்றுக்கும் உரியது. சிலப்பதிகாரத்திற் கூறப்பட்ட ஒரு நாளைப் பஞ்சாங்க முறையாற் கணித்து, மதுரை எரியுண்ட நாள் கி.பி. 756 ஜூலை 23, வெள்ளிக்கிழமை என முடிபு கூறினார் திவான் பகதூர் எல். டி. சுவாமிக்கண்ணுப் பிள்ளை. கண்ணகியும் கோவலனும் புகார் நீங்கியது அவ்வாண்டு மே மாதத்தில் என்பதும் அவர் கணிப்பு. கயவாகு மன்னன் பற்றிய குறிப்பைக்கொண்டு நூல் கூறும் நிகழ்ச்சிகளைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் வைப்போர்க்கும் இக்கணிப்பிற்கும் இடையே அறுநூறு ஆண்டுகள் கிடக்கின்றன. ஒரு மொழியின் இலக்கிய வரலாற்றில் அறுநூறு ஆண்டு சிறிதன்று. எண்ணின் துல்லியத்தைக் கண்டு மருண்டு 756 என்பதை மெய்யெனக் கொண்டோரும் உளர். அம்முடிபு தமக்கு உவப்பின்மையாற் பஞ்சாங்கக் கணிப்பையே முழுவதும் இகழ்ந்தோரும் உளர். இரண்டும் பொருந்தா என்பதும், அக்கணிப்பு எதனைச் செய்யவல்லது, எதனைச் செய்யமாட்டாது என்பதை அதன் உறுப்புகளைக்கொண்டே வரையறுக்கலாம் என்பதும் யாம் ஈண்டுக் காட்டப் புகுவன.

2. பஞ்சாங்கத்தில் நாளின் உறுப்புகள்

பஞ்சாங்கம் என்னுஞ் சொல் ஐந்து உறுப்புகளைக் குறிக்கும். அவை வாரம், திதி, நட்சத்திரம், யோகம், கரணம் என்பன. இவற்றுள் வாரம் ஒன்றே ஞாயிறு தோன்றும் பொழுதிற் தொடங்கி மறுநாள் ஞாயிறு தோன்றும் வரை அறுபது நாழிகை நிற்பது. ஏனைய நான்கும் அவ்வரம்பிற்கு அடங்கா.

திதி என்பதனைப் பழந்தமிழில் பக்கம் என வழங்கினர். ஞாயிற்றை விட்டுத் திங்கள் பன்னிரண்டு பாகை விலகும் பொழுது ஒரு பக்கம். திங்களின் ஓட்டம் ஒருபடித்தாய் இராமையின் ஒரு பக்கம் ஏறத்தாழ ஐம்பது நாழிகையில் முடிதலும் உண்டு. அறுபத்தேழு நாழிகை அளவும் நீளுதலும் உண்டு. ஞாயிறு தோன்றும் பொழுது நிற்கும் பக்கமே அந்நாளின் பக்கமாகப் பெயர் பெறும். ஆதலின் ஒரு பக்கம் இரண்டு காலைகளைத் தொட்டு இரு நாட்குப் பெயராதலும், ஒரு காலையையும் தொடாமல் இடையே ஒழிந்துபோதலும் நிகழும். நாண்மீனுக்கும் இஃதொக்கும். வான்வட்டத்தை இருபத்தேழாகப் பகுத்த பதின்மூன்று பாகை இருபது கலையைத் திங்கள் கடக்கும் பொழுது ஒரு நாண்மீன் ஆகும்.

திங்கட்பெயரோ தமிழ்நாட்டில் ஞாயிறு ஓரை மாறுவதைக்கொண்டு அமைவது. ஞாயிறு மறைவதற்கு முன் ஓரை மாற்றம் நிகழின் அந்நாளே முதல்நாள். மறைந்தபின் நிகழின் மறுநாள் முதல்நாள். இம்முறையால், பக்கத்தையும் மீனையும் அறியாத உழவனும் தன் விரல்களை மடக்கியே ஆடிப்பதினெட்டை அறிந்துகொள்ள இயன்றது.

இன்னுமொன்று கருதற்பாலது. தமிழ்நாட்டுப் பஞ்சாங்கங்கள் இன்று வாக்கியம், திருக்கணிதம் என இருவகைப்படும். வாக்கியமுறை திங்களின் நிலையை 248 வாக்கியங்களால் நெட்டுருச் செய்து எண்ணும் பழைய முறை. அதற்கு அடிப்படையான வாக்கியகரணம் 13ஆம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டித் தமிழகத்தில் எழுந்த நூல். 1962இல் குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் சென்னையில் அதனைப் பதிப்பித்தனர். அம்முறையின் ஆற்றலுக்கு ஒரு சான்று உண்டு. சோழநாட்டிற்கு வடபாலுள்ள புதுச்சேரியில், ஏட்டுக் கணக்கின்றிப் பலகறைகளைத் தரையில் இட்டு நெட்டுருவாற் கணித்த தமிழ்க் கணியர் ஒருவரின் முறையை வாரன் என்பார் 1825இல் வெளியிட்ட காலசங்கலிதம் என்னும் நூலிற் பதிந்துள்ளார். அவ்வாண்டு நிகழ்ந்த திங்கட் கிரகணம் ஒன்றினை அக்கணியர் கணித்ததில், தொடக்கத்திற் பிழை 4 நிமிடம்; முடிவில் 52 நிமிடம். கணித வரலாற்றறிஞர் நாய்கெபவர் 1952இல் இதனை ஆராய்ந்து உலகறியச் செய்தார்.

கிரகண காலத்தில் இவ்வளவு நெருங்கி நிற்கும் வாக்கியம் எல்லாக் காலத்தும் அங்ஙனம் நிற்பதில்லை. ஞாயிற்றின் ஈர்ப்பால் திங்களின் ஓட்டத்தில் விளையும் ஒரு வேறுபாடு முழுமதியிலும் மறைமதியிலும் புலனாகாது அடங்கி, எட்டாம் பக்கத்தை ஒட்டி மிகும். பழைய சித்தாந்தங்கள் அதனைத் தனியே கொள்ளவில்லை. ஆதலின் எட்டாம் பக்கத்தில் வாக்கியமும் திருக்கணிதமும் பத்து நாழிகைக்கு மேலும் மாறுபடுதல் கூடும். நம் ஆராய்ச்சிக்குரிய நாள் எட்டாம் பக்கத்து நாள் என்பதைக் கற்போர் உளங்கொள்ளல் வேண்டும்.

3. சோழர் கல்வெட்டிற் பஞ்சாங்கம் பயன்பட்ட முறை

பஞ்சாங்கக் கணிப்பின் வெற்றியைக் காண விழைவோர் சோழர் கல்வெட்டுகளை நோக்குக. தஞ்சைப் பெருங்கோயிலில் இராசராசன் விமானத்துச் செப்புக்குடம் ஈந்த செய்தி, அவன் இருபத்தைந்தாம் ஆட்சியாண்டின் இருநூற்று எழுபத்தைந்தாம் நாள் எனப் பொறிக்கப்பட்டுள்ளது. தானும் தன் தமக்கையும் தன் தேவியரும் பிறரும் கொடுத்தவற்றைக் கல்லில் வெட்டுக என அவன் ஆணையிட்டது இருபத்தாறாம் ஆண்டின் இருபதாம் நாள். இங்குப் பக்கமும் இல்லை, மீனும் இல்லை, கிழமையும் இல்லை. அரசன் அரியணை ஏறிய நாள் தொட்டு எண்ணிய எண்ணே உண்டு. அரசின் அலுவலுக்கு அவ்வெண் போதியதாயிற்று. ஆயினும் அவ்வெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு இன்றைய ஆண்டினை நாம் காணமுடியாது.

வேறு பல கல்வெட்டுகள் ஆட்சியாண்டுடன் ஓரைத்திங்களையும், பூர்வபக்கம் அபரபக்கம் என்பதனையும், பக்கத்தையும், கிழமையையும், நாண்மீனையும் ஒருங்கு கூறுகின்றன. இன்ன நாயிற்று, இன்ன பக்கத்து, இன்ன கிழமை பெற்ற இன்ன நாள் என்பது அவற்றின் வாய்பாடு. இவற்றைத் திரட்டிக் கீல்ஹார்ன் முதலாயினார் கணித்தனர். அவர்கள் முறையின் வலிமை ஒவ்வொரு கல்வெட்டின் தனித்துல்லியத்தில் இல்லை. பல கல்வெட்டுகள் ஓரரசனின் ஆட்சியாண்டுகளால் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருத்தலில் உள்ளது. ஒரு கல்வெட்டு ஒரு நூற்றாண்டிற் பல ஆண்டுகட்குப் பொருந்தக்கூடும். அவ்வரசனின் மற்றொரு கல்வெட்டும் பல ஆண்டுகட்குப் பொருந்தும். இரண்டிற்கும் பொதுவான அரியணைநாள் சிலவே. மூன்றாவதும் நான்காவதும் சேருங்கால் ஒன்றே எஞ்சும். இவ்வாறே இராசராசன் அரியணை ஏறியது 985 ஜூன் 25க்கும் ஜூலை 25க்கும் இடையே என்றும், முதலாம் இராசேந்திரன் 1012இல் ஏறினான் என்றும், முதற்குலோத்துங்கன் 1070 ஜூன் 9 அளவில் ஏறினான் என்றும் கண்டனர்.

இம்முறைக்குப் பிறிதொரு நலனும் உண்டு. கல்தச்சன் பிழைபட வெட்டிய பக்கமோ மீனோ உளதாயின், ஏனைய கல்வெட்டுகள் அதனைக் காட்டிக்கொடுக்கும். சக ஆண்டு குறித்த கல்வெட்டுகள் அதற்கு மேலும் உறுதி தரும். கும்பகோணத்தைச் சார்ந்த என். சேதுராமன் 1977இல் வெளியிட்ட நூலிற் சோழர் காலவரையறையை இதே அடிப்படையில் மீண்டும் ஆராய்ந்தமையும் அறிஞர் அறிவர். எனவே காவிரிநாட்டு வரலாற்றைப் பொறுத்தவரை பஞ்சாங்கக் கணிப்பு இகழற்பாலதன்று. அஃதின்றிச் சோழர் வரலாறே இன்றுள்ள உருவில் இராது. ஆனால் அது வெற்றி பெற்றதற்கு மூன்று நிலைமைகள் துணைநின்றன: காலம் முன்னரே ஓரளவு தெரிந்திருந்தது, சான்றுகள் பலவாயிருந்தன, அவை ஒன்றையொன்று சோதிக்கவல்லனவாய் இருந்தன. சிலப்பதிகாரத்திற்கு இம்மூன்றும் உளவா என்பதே வினா.

4. கட்டுரை காதை கூறும் நாள்

மதுரை எரியுண்ணும் நாளைப் பற்றிய குறிப்பு கட்டுரை காதையில் மதுராபதித் தெய்வத்தின் வாய்மொழியாக வருகின்றது. ஆடித்திங்கள், தேய்பிறை, கார்த்திகை, எட்டாம் பக்கம், வெள்ளிக்கிழமை என ஐந்து உறுப்புகள் அதில் உள. அவ்வாறு ஓர் உரை முன்னரே வழங்கிற்று என்று தெய்வம் கூறுவதாகவே ஆசிரியர் அமைத்துள்ளார். ஆண்டு கூறப்படவில்லை.

இவ்வைந்தும் எத்துணை அரியன? ஆடியில் ஞாயிறு கடக ஓரையில், மேடத்தின் முதலினின்று 90 பாகைக்கும் 120 பாகைக்கும் இடையே நிற்கும். தேய்பிறை எட்டாம் பக்கத்தில் திங்கள் ஞாயிற்றினின்று 264 முதல் 276 பாகை வரை விலகி நிற்கும். கார்த்திகை 26 பாகை 40 கலையில் தொடங்கி 40 பாகையில் முடியும். இவற்றைக் கூட்டிக் கழித்துப் பார்ப்பின், ஞாயிறு 110 பாகை 40 கலையைக் கடந்தபின்னரே ஆடித்திங்கள் தேய்பிறை எட்டாம் பக்கமும் கார்த்திகையும் ஒன்றுகூட இயலும். அஃதாவது ஆடி இருபத்திரண்டாம் நாள் அளவிற்கு முன் இக்கூட்டம் எவ்வாண்டும் நிகழாது. திங்களின் கடைசிப் பத்து நாளிலேயே நிகழும்.

தேய்பிறை எட்டாம் பக்கம் இருபத்தொன்பதரை நாளுக்கு ஒருமுறை வருவது. அது குறித்த பத்து நாளினுள் விழுதல் ஏறத்தாழ மூன்றாண்டிற்கு ஒருமுறை. அங்ஙனம் விழுவனவற்றுள் வெள்ளிக்கிழமையிற் பொருந்துவது ஏழில் ஒன்று. பக்கமும் மீனும் சில நாழிகையே கூடி நிற்கும் ஆண்டுகளைக் கழித்துப் பார்ப்பினும், இருபது முதல் முப்பது ஆண்டிற்கு ஒருமுறை இவ்வைந்தும் ஒருங்கு அமையும். ஒரு நூற்றாண்டில் மூன்று முதல் ஐந்து முறை. 2ஆம் நூற்றாண்டிலிருந்து 8ஆம் நூற்றாண்டு வரை இருபது முறைக்குக் குறையாமல் அமைந்திருத்தல் வேண்டும். எட்டாம் பக்கத்தில் கணிப்பு முறைகளுக்கு இடையே உள்ள நாழிகை வேறுபாட்டையும் கருதின், எவ்வெவ்வாண்டுகள் அவை என்பதும் முறைக்கு முறை மாறும்.

ஆகவே 756 ஜூலை 23 வெள்ளிக்கிழமையாக இருந்தது என்பதும், அன்று தேய்பிறை எட்டாம் பக்கத்தை ஒட்டித் திங்கள் நின்றது என்பதும் உண்மையே. அந்நாள் குறிப்பிற்குப் பொருந்தும். பொருந்துவதும் அந்நாளே என நிறுவுவதும் வேறு. பொருந்தும் நாள் பலவாயவிடத்து ஒன்றைத் தெரிந்தெடுக்க வேறு சான்று வேண்டும். அச்சான்றாகக் கொள்ளப்பட்டது அடியார்க்கு நல்லார் உரை.

5. அடியார்க்கு நல்லார் கணித்த நாள்

அடியார்க்கு நல்லார் 12ஆம், 13ஆம் நூற்றாண்டளவில் வாழ்ந்தவர் என்பர். அவருரை கானல்வரி நீங்கலாக ஊர்சூழ்வரி வரையிலுமே கிடைத்துள்ளது. கட்டுரை காதைக்கு அவருரை இன்றில்லை. எனினும் நாடுகாண் காதையின் தொடக்கத்தில், புகார் நீங்கிய நாளை அவர் விரித்துக் கணிக்கின்றார். இந்திரவிழாவின் தொடக்கம் முதல் முடிவு வரை திங்களும் பக்கமும் கிழமையும் கூறி, இருவரும் நீங்கியது வைகாசியில் செவ்வாய்க்கிழமையும் கேட்டையும் கூடிய, முழுமதியை ஒட்டிய நாளின் வைகறை என்று அறுதியிடுகின்றார்.

மூலத்தில் ஆசிரியர் கூறியது யாது? வெண்மதி நீங்கிவிட்டது, இருள் நின்றது, அது வைகறைப் பொழுது. அவ்வளவே. கிழமையும் இல்லை, மீன்பெயரும் இல்லை. இச்சிறு குறிப்பின் உண்மை நோக்கத்தக்கது. வளர்பிறைத் தொடக்கத்தில் மதி முன்னிரவிலேயே மறையும். முழுமதிக்குப் பின்னர் விடியலிலும் வானில் நிற்கும். மதி மறைந்து, விடியாமல், சிறிது பொழுது இருள் நிற்பது முழுமதிக்கு முந்திய சில இரவுகளில் மட்டுமே. சித்திரைத் திங்கள் சித்திரை நாளில் முழுமதியோடு தொடங்கும் விழா இருபத்தெட்டு நாள் நடப்பதென்பதை மணிமேகலையும் கூறும். முழுமதியிலிருந்து இருபத்தெட்டு நாள் சென்றால் மறு முழுமதியை அணுகி நிற்போம். விழா முடிவையும் வைகறை இருளையும் ஆசிரியர் ஒன்றுபடுத்தியது வானை நோக்கிக் கண்ட உண்மையால். காவிரிப்பூம்பட்டினத்துக் கடற்கரையிற் கண்விழித்தோர் எவரும் அதனை அறிவர். அதற்குப் பஞ்சாங்கம் வேண்டியதில்லை.

உரையாசிரியர் அதன்மேற் கிழமையையும் மீனையும் எங்ஙனம் ஏற்றினார்? அதனை அறிய ஒரு சிறு கணக்குப் போதும். ஆடித் தேய்பிறை எட்டாம் பக்கத்தினின்று இரண்டு மதித்திங்களும் ஏழுநாளும் பின்னோக்கி எண்ணினால் வைகாசி முழுமதியை அடைவோம். அது 66 நாள். அறுபத்தாறு நாள் என்பது ஒன்பது கிழமையும் மூன்று நாளும்; வெள்ளியினின்று மூன்று நாள் பின்செல்லின் செவ்வாய். 66 நாளில் திங்கள் இரண்டு முழுச்சுற்றும் பதினொன்றுக்குச் சற்று மிகுந்த நாண்மீன்களும் கடக்கும். கார்த்திகையின் தொடக்கத்தினின்று அவ்வளவு பின்செல்லின் கேட்டை. செவ்வாய், கேட்டை, முழுமதி ஆகிய மூன்றும் கட்டுரை காதையின் வெள்ளி, கார்த்திகை, எட்டாம் பக்கம் ஆகிய மூன்றினின்றும் தாமே பிறந்துவிடுகின்றன.

இதன் பயன் பெரிது. உரையிற் காணும் நாள் மூலத்தின் நாளுக்கு இரண்டாவது சான்று ஆகாது. அதன் நிழலே ஆகும். ஒருவன் சொல்லை அவனே மறுபடி கூறினால் சாட்சி இருவர் ஆவரோ? சோழர் கல்வெட்டுகள் தனித்தனி வேறு நாட்களிற் பொறிக்கப்பட்டமையால் ஒன்றையொன்று சோதித்தன. இங்கு அத்தகைய சோதனைக்கு இடமில்லை. உரையில் திங்களின் தேதி முதலிய நுண்குறிப்புகளும் உண்டு. அவை பொருந்தும் ஆண்டுகளின் தொகையைக் குறைக்கலாம். ஆயின் அவை உரையாசிரியர்க்குரியவை, ஆசிரியர்க்குரியவை அல்ல. அவற்றால் ஒரு நூலின் காலம் பெறப்படுமாயின், பெறப்படுவது உரையாசிரியர் கணக்கிட்டுக்கொண்ட ஒரு நாளின் காலமே.

உரையின் நடையும் இதற்குத் துணை செய்கின்றது. கிழமையும் மீனும் 'பெற்ற' நாள் என்னும் வாய்பாடு சோழர் கல்வெட்டுகளின் வாய்பாடு. தம் காலத்துக் கோயிற் சுவர்களில் நாள் எவ்வாறு எழுதப்பட்டதோ அவ்வாறே உரையாசிரியர் புகார் நீங்கிய நாளையும் எழுதினார். இதனைக் குறையாகக் கூறுகின்றோம் அல்லோம். தம் காலத்து மாணாக்கர் உளங்கொள்ளுமாறு உரைப்பது உரையாசிரியர் கடன். அதனை அவர் செவ்வனே செய்தார். அதனை ஏழாண்டு எட்டாண்டு வேறுபாடின்றிக் காலக்கணிதச் சான்றாக ஆண்டது பிற்காலத்தார் பிழை.

6. கிழமை தரும் சான்று

அங்ஙனமாயின் கட்டுரை காதையின் நாட்குறிப்பாற் காலவாராய்ச்சிக்குப் பயனே இல்லையோ எனின், உண்டு. அது கணக்கில் இல்லை. உறுப்புகளின் வகையில் உண்டு.

அகநானூற்றின் 86ஆம், 136ஆம் பாட்டுகள் திருமணத்திற்குரிய நன்னாளைக் கூறுகின்றன. தீய கோள்களின் தொடர்பு நீங்கிய மதியும், உரோகிணியை மதி கூடுதலுமே அங்கு நன்மைக்கு அடையாளம். கிழமை பேசப்படவில்லை. சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலிற் புகாரில் நிகழும் கோவலன் கண்ணகி திருமணமும் மதி உரோகிணியைக் கூடிய நாளிலேயே நிகழ்கின்றது. அங்கும் கிழமை இல்லை. அது சங்கச் சான்றோர் மரபு. அதே நூலின் கட்டுரை காதையிலோ திங்களும் பக்கமும் கிழமையும் மீனும் அடுக்கிவருகின்றன. ஒரு நூலினுள் இருவேறு நாள்முறை காணப்படுதல் கருதற்பாலது.

கிழமையை நாட்குறிப்பில் வழங்கும் வழக்கு இந்தியாவில் தொன்மையானதன்று. காலம் உறுதியான கல்வெட்டுகளுள், ஏரணில் உள்ள புதகுப்தனது குப்த ஆண்டு 165ஆம் ஆண்டுக் கல்வெட்டு, கி.பி. 484இல், வியாழக்கிழமையைக் குறிப்பது இவ்வகையில் மிகப் பழையதாக எடுத்துக்காட்டப் பெறுவது. காவிரிநாட்டுச் சீகாழியில் தோன்றிய திருஞானசம்பந்தர் 7ஆம் நூற்றாண்டிற் பாடிய கோளறு பதிகம், ஏழு கோள்களையும் கிழமை வரிசையிலேயே அடுக்கி, இரு பாம்புகளையும் சேர்க்கின்றது. அக்காலத்து அவ்வரிசை மக்கள் நாவிற் பழகியிருந்தமைக்கும், அதனாற் பிறந்த அச்சத்தை நீக்க வேண்டிய நிலை இருந்தமைக்கும் அது சான்று. இன்று பஞ்சாங்கங்களிற் காணும் இராகுகாலம், எமகண்டம், குளிகை என்பனவும் பகற்பொழுதை எட்டாகப் பகுத்துக் கிழமைதோறும் இன்ன பகுதி என வரையறுப்பன. கிழமையின்றி அவை இல்லை. நன்னாளை மீனாலும் மதியாலும் கண்ட நிலையினின்று, கிழமையாற் காணும் நிலைக்குத் தமிழர் வந்தது ஒரு பெருமாற்றம்.

ஆதலின் வெள்ளிக்கிழமை என்னும் ஒரு சொல், 756 என்னும் எண்ணினும் காலவாராய்ச்சிக்கு மிகுந்த பயன் தருவது. அது ஓராண்டைக் காட்டாது. ஓர் எல்லையைக் காட்டும். அக்குறிப்பு 2ஆம் நூற்றாண்டிற்குரியதாதல் அரிது. 5ஆம் நூற்றாண்டிற்குப் பிற்பட்டதெனக் கொள்ளுதல் பொருந்தும். நூல் முழுவதும் அக்காலத்ததா, அன்றி வெண்பாவும் உரைப்பாட்டும் பிற்சேர்க்கையும் போல இக்குறிப்பும் பின்னர் நுழைந்ததா என்பது பாடவாராய்ச்சியால் முடிவு செய்தற்குரியது, பஞ்சாங்கத்தால் முடிவதன்று.

7. நாளும் ஊழும்

கணிப்பினும் ஆழமான ஓர் இழப்பு இதிற் கலந்துள்ளது. உரையாசிரியர் புகார் நீங்கிய நாளை யோகத்தாலும் நன்றல்லாத நாளெனக் காட்டுகின்றார். அதனைப் படிப்போர், தீநாளிற் புறப்பட்டமையாற் கோவலன் கொலையுண்டான் போலும் என எண்ண இடமுண்டு. ஆசிரியர் கருத்து அதுவன்று. நன்மீனாகிய உரோகிணியில், முதுபார்ப்பான் மறைவழி காட்ட நிகழ்ந்த திருமணமும் கண்ணகியைக் காக்கவில்லை. நன்னாள் காவாதபோது தீநாள் கெடுத்ததென்பது எங்ஙனம்? புகாரினின்று அவர்களைச் செலுத்தியது பழவினை என்றே ஆசிரியர் கூறுகின்றார். ஊழ்வினையின் வலிமை இந்நூல் நிறுவப் புகுந்த மூன்று உண்மைகளுள் ஒன்று. நாளை வினையின் இடத்தில் வைப்பின் காப்பியத்தின் கட்டுக்கோப்பே தளரும்.

கட்டுரை காதையின் நாளையும் இந்நோக்கிற் காண்டல் நன்று. கார்த்திகைக்குத் தெய்வம் தீக்கடவுள். ஆசிரியரும் அம்மீனை எரியின் பெயராலேயே குறிக்கின்றார். எரியுண்ணப்போகும் நகர்க்கு எரிமீன் நாள், தேயும் மதி, மங்கல வினைகட்கு விலக்கப்பட்ட எட்டாம் பக்கம். இவை வானில் நின்று நோக்கிப் பதிந்தவை எனக் கொள்வதினும், பொருள் கருதித் தெரிந்தவை எனக் கொள்வதே பாட்டிற்கு இயைவது. முன்னரே வழங்கிய உரை என்று தெய்வத்தின் வாயில் அதனை வைத்ததும் அக்கருத்துப் பற்றியே. பாவலன் பொருள்நோக்கித் தொடுத்த நாளைக் கணியன் கணக்குநோக்கிப் பிரித்தமையால் விளைந்ததே 756.

8. முடிபு

இதுகாறும் கூறியவற்றாற் பெறப்படுவன இவை. பஞ்சாங்கக் கணிப்பு, காலம் ஓரளவு தெரிந்தவிடத்தும் ஒன்றையொன்று சோதிக்கும் சான்றுகள் பலவாயவிடத்தும் ஆண்டையும் நாளையும் உறுதிப்படுத்தவல்லது. சோழர் கல்வெட்டுகள் அதற்குச் சான்று. ஒரே நாட்குறிப்புள்ளவிடத்து அது பொருந்தும் ஆண்டுகளைத் தொகுக்குமேயன்றி ஒன்றைத் தெரிந்து தாராது. கட்டுரை காதை அதற்குச் சான்று. உரையாசிரியர் கணித்த நாள் மூலத்தினின்று பின்னெண்ணிப் பெறத்தக்கதாகலின் தனிச்சான்று ஆகாது. நாட்குறிப்பின் உறுப்புகள் எக்காலத்து வழக்கு என்பதை ஆராய்தலே இலக்கிய ஆராய்ச்சியாளர்க்கு உறுதி பயப்பது. பரிபாடல் பதினொன்றாம் பாட்டிற் போலக் கோள்களின் நிலை பல கூறப்பட்டவிடத்து நிலைமை வேறு. வியாழனும் சனியும் நெடுங்காலச் சுற்றுடையவாகலின் அவை பொருந்தும் ஆண்டுகளை மிகக் குறைக்கும். அது தனியே ஆராயத்தக்கது.

சுவாமிக்கண்ணுப் பிள்ளையின் உழைப்பு பெரிது. அவர் 1911இலும் 1922இலும் வெளியிட்ட அட்டவணைகள் இன்றித் தென்னாட்டுக் கல்வெட்டாராய்ச்சி இவ்வளவு வளர்ந்திராது. அவர் கையிற் கொடுத்த கருவியை எங்குப் பயன்படுத்துவது, எங்கு நிறுத்துவது என்பதை அறிதலே அவர்க்கு நாம் செய்யும் நன்றி. புகாரினின்று கண்ணகி புறப்பட்ட ஆண்டை நாம் அறியோம். அவள் புறப்பட்டபோது மதி மறைந்து இருள் நின்றதை அறிவோம். ஆசிரியர் நமக்கு அளிக்கக் கருதியது அவ்விருளையே.